சங்கத்து நீலம், வெளியாள் சிவப்பு

எங்கள் வட்டாரத்தில் ஆட்டை எடை போட்டு விற்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். இதை நானே சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்து பார்த்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் சந்தையில் எப்படி என்றால், தரகர் வந்து ஆட்டின் முதுகெலும்பை அமுக்கிப் பார்ப்பார். இடுப்பைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்ப்பார். பிறகு உங்கள் கையைப் பிடித்து அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். பேரம் முழுக்கத் துண்டுக்கு அடியில், விரல்களில். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. ஆடு வளர்த்தவனுக்கும் பாதிதான் தெரியும். வாயைத் திறந்து கேட்டால் மரியாதைக் குறைவு. இப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது.

நான் பனியன் கம்பெனிக்காரன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பிசிர் வெட்டும் வேலைக்குப் போய், ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து, செக்கிங் டேபிளில் பத்து வருஷம் நின்று, கடைசியில் சொந்தமாக நாற்பது மிஷின் போட்டு ஏற்றுமதிக்குச் சரக்கு அனுப்பியவன். எங்கள் தொழிலில் துணியைத் தடவிப் பார்த்து விலை பேசுவதில்லை. ரோலைத் தராசில் வைத்தால் என்ன காட்டுகிறதோ அதுதான் பேச்சு. ஒரு ரோல் துணியும் நன்றாக வளர்ந்த ஒரு செம்மறிக் குட்டியும் ஏறக்குறைய ஒரே எடை. இது எனக்குத் தோன்றியது. பட்டம் படித்தவர்கள் எத்தனையோ பேர் இங்கே ஆடு வளர்க்கிறார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை.

கம்பெனியைப் பெரிய மகன் கையில் கொடுத்துவிட்டு என் மேய்ச்சல் காட்டுக்கு வந்தபோது, ரோல் எடை போடும் பழைய மேடைத் தராசை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அதன்மேல் மரச்சட்டத்தில் ஒரு கூண்டு அடித்தேன். முதல் நாள் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அந்த நாலு பேரை வைத்துத்தான் சங்கம் ஆரம்பித்தது.

சங்கம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஆடு நிற்க மூங்கில் தடுப்பு, ஊசி மருந்து வைக்க ஒரு குளிர்பெட்டி. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொட்டகை செய்கிற வேலையைப் பாருங்கள். திங்கட்கிழமை எடை நாள். விற்கிற குட்டிகளை எல்லோரும் கொண்டுவந்து ஒரே தடுப்பில் விடுவோம். எடை போட்டு வியாபாரியின் லாரியில் ஏற்றுவோம். எந்தச் சந்தையில் என்ன விலை போகிறது என்று காலை ஆறு மணிக்கு எல்லோர் போனுக்கும் செய்தி போகும். வறட்சியில் உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து சோளத்தட்டு லாரியில் வந்து இறங்கும். மழைக்கு முன்னால் கால்நடை டாக்டர் வந்து ஊசி போடுவார். தனி ஆள் கூப்பிட்டால் எந்த டாக்டர் இத்தனை தூரம் வருவார்?

கறிக்கு மாடும் எருமையும் வளர்ப்பவர்களைச் சேர்க்கலாமா என்று ஒரு தடவை பேச்சு வந்தது. சிலர் முகத்தைச் சுளித்தார்கள். நம் ஆடு மட்டும் லாரியில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கா போகிறது என்று கேட்டேன். இன்றைக்குச் சங்கத்தில் கால்வாசிப் பேர் மாட்டுக்காரர்கள்.

செயலாளர், அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை நடத்தியவர். தோள் வலி வந்து சுத்தியலை வைத்துவிட்டு ஆட்டுக்கு வந்தார். பித்தளைத் தகட்டில் எண் குத்தி ஆட்டின் காதுக்கு வில்லை செய்தது அவர் கை. செய்யச் சொன்னது நான். எங்கள் கம்பெனியில் கட்டுக்குக் கட்டு சீட்டு இருக்கும், எந்தக் கட்டை யார் தைத்தார்கள் என்று தெரியும். ஆட்டுக்கும் அப்படி வேண்டும் என்றேன்.

ஊசி போட்ட ஆட்டின் முதுகில் சாயம் தடவுவதும் என் யோசனைதான். உறுப்பினர் ஆட்டுக்கு நீலம், வெளியாள் ஆட்டுக்குச் சிவப்பு. நோய்க்கு உறுப்பினர் யார் வெளியாள் யார் என்று தெரியாது, அதனால் ஊசி எல்லோருக்கும் போடுவோம். ஆனால் உறுப்பினர் காட்டுக்கு டாக்டர் நேரில் போவார். வெளியாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். திங்கட்கிழமைத் தடுப்புக்குள் நீல முதுகும் அதன் குட்டியும் மட்டும்தான் போகலாம். முதலில் கடையில் விற்கும் ஏதோ பொடியைக் கரைத்துத் தடவினார்கள். ஒரு மழையில் கரைந்து ஓடிவிட்டது. நான் சாயப்பட்டறையில் பழகிய ஆளைப் பிடித்து, கெட்டிச் சாயம் இரண்டு டப்பா வாங்கி வந்தேன். சாயம் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்தனையும் நான் ஊருக்காகச் செய்தேன் என்றுதான் சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் முழுக்க உண்மையும் இல்லை.

என் மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பெரியவன் டவுனில் லிப்ட் வைத்த வீடு கட்டியிருக்கிறான். சின்னவன் வெளிநாட்டில், துணி வாங்குகிற கம்பெனியிலேயே பெரிய உத்தியோகம். பெரியவன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டீர்களா என்பான், ஆயிற்று என்பேன். ஆடு எப்படி என்பான், நன்றாக இருக்கிறது என்பேன். அதற்குள் அவனுக்கு வேறு போன் வந்துவிடும். வந்து எங்களோடு இருங்கள் என்று கூப்பிட்டார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். போய் ஒரு வாரம் இருந்தேன். என் சட்டையில் ஆட்டு வாடை வருகிறது என்று ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். வாய் திறந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலை மட்டும் திறந்தார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

காட்டில் ஒரு ஆளுக்குச் சோறு ஆக்குவது, ஒரு தட்டைக் கழுவுவது. ஆட்டைக் கொறங்காட்டு மேய்ச்சலில் விட்டு, கிளுவை வேலியைச் சுற்றி நடப்பது. சில வாரம் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்று இரண்டு நாளும் என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன். திங்கட்கிழமை கொட்டகைக்குள் நுழையும்போதுதான் 'வாங்க தலைவருங்க' என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். அங்கே எனக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று உண்டு. நான் வராத நாளிலும் அதில் யாரும் உட்காருவதில்லை என்று செயலாளர் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு ருசித்தது.

அந்த நாற்காலியை நான் எப்படி விட்டேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. பட்டியில் தொற்று நோய் கண்டால் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். சொன்னதும் அந்தப் பட்டியின் வாசல் படலில் வேப்பந்தழை கட்டுவோம். அதற்குப் பிறகு, கடைசி ஆடு தேறி இருபத்தொரு நாள் ஆகும்வரை அந்தப் பட்டி ஆடு வெளியே வராது, வெளியாள் உள்ளே போகமாட்டார். தீவனமும் மருந்தும் படலுக்கு வெளியே கொண்டுவந்து வைப்போம். தினமும் சாயங்காலம் உறுப்பினர் ஒருவர் முறை வைத்துப் போன் செய்து, இன்று எத்தனை ஆட்டுக்குச் சுகமில்லை என்று கேட்டு நோட்டில் எழுதுவார். நோயை மறைத்தவர் சங்கத்தில் இருக்க முடியாது. கையெழுத்து செயலாளருடையது. விதி என்னுடையது. நான் வரிவரியாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார்.

அந்த விதியில் முதலில் மாட்டியவர் மங்கலத்துக்காரர். விசைத்தறி ஓட்டிக்கொண்டே ஆடும் வைத்திருந்தார். அம்மை கண்ட ஆட்டை மறைத்து எடைக்குக் கொண்டுவந்துவிட்டார். கூட்டம் போட்டோம். அவர் எழுந்து நின்றார்.

"தலைவருங்க, ஒரே ஒரு தடவை உட்டுருங்க, சாமி. இதப் போயி நான் ஊட்டுல எப்படிச் சொல்லுவனுங்க?"

"விதின்னா எல்லாருக்கும் விதிதானுங்க" என்றேன்.

முதலில் தூக்கிய கை என்னுடையது. அவர் நாற்காலி முதுகில் போட்டிருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பற்றி நினைக்கவில்லை.

போன ஐப்பசி அடைமழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, என் பட்டியில் ஒரு குட்டி மட்டும் தாயை விட்டுத் தள்ளி நின்றது. மூக்கில் சளி. கண்ணோரம் பீளை. தாய் கூப்பிட்டும் பால் குடிக்கப் போகவில்லை. மழைக்கு முந்தைய ஊசி முகாம் முடிந்த பிறகு பிறந்த குட்டி, ஊசி போடாதது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பத்து வருஷம் செக்கிங் டேபிளில் நின்ற கண் இது.

அந்தக் கண்தான் என்னைக் கெடுத்தது. செக்கிங்கில் என்ன செய்வோம்? ஓட்டை விழுந்த பீஸைத் தனியே தூக்கிப் போடுவோம். மீதியை மடித்துப் பெட்டியில் வைத்து அனுப்புவோம். ஒரு பீஸின் ஓட்டை பக்கத்துப் பீஸுக்குத் தொற்றாது. நாற்பது வருஷம் நான் சரக்கு அனுப்பியது இப்படித்தான். அந்தக் குட்டியைத் தூக்கி மோட்டார் ரூமுக்குப் பின்னால் கட்டினேன். மற்றக் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மூக்கைப் பார்த்தேன், வாயைத் திறந்து பார்த்தேன், வாலைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் பாஸ். மனசில் பாஸ் என்றே சொல்லிக்கொண்டேன். ஆடு வளர்த்தே வாழ்ந்த எவனும் இப்படிச் செய்யமாட்டான்.

தெரியாமல் செய்தேன் என்று முடித்துவிட்டால் சுலபம். ஆனால் விதியை எழுதச் சொன்னவன் நான்தானே, சந்தேகம் இருந்தாலும் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தலைவர் படலில் வேப்பந்தழையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிட, குறைந்தது மூன்று திங்கட்கிழமை கொட்டகைக்குப் போக முடியாது என்பதை.

மறுநாள் ஐந்து குட்டிகளை ஏற்றிக்கொண்டு போனேன்.

தடுப்பில் என் குட்டிகளோடு ஒட்டி நின்றவை ஒரு பெண்ணின் நாலு குட்டிகள். அவள் தூத்துக்குடிப் பக்கம். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் டெய்லராக இருந்து, இடுப்பு போய், மூடிப்போன ஒரு மில்லின் காலி இடத்தைக் குத்தகைக்குப் பிடித்து ஆறு தாயாடு வைத்திருந்தாள். தனி ஆள். இங்கே எல்லோரும் என்னைத் தலைவருங்க, ஐயா என்பார்கள். அவள் மட்டும் அண்ணாச்சி. நான் அவளை அம்மிணி என்பேன்.

இவள் சங்கத்தில் சேர்ந்ததற்குக் காரணமே என் தராசுதான். சந்தையில் துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து ஒரு பெண்பிள்ளை எப்படிப் பேரம் பேசுவாள்? யாராவது ஒரு ஆணைத் துணைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவன் விரலில் என்ன பேசினான் என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் கொட்டகையில் முள் காட்டுவதை அவளே படித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு அவள் குட்டிகள் எடை குறைந்தன. வியாபாரி விலையைக் குறைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பெரிய மனுஷனாக, "இப்பக் குடுக்காத அம்மிணி. ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போயி ரெண்டு வாரம் வச்சுக் குடு, எடை ஏறிரும்" என்றேன். அவள் தலையாட்டினாள். என் ஐந்தும் மற்றவர்கள் குட்டிகளும் லாரியில் ஏறிப் போய்விட்டன. என் ஐந்தோடு ஒரே தொட்டியில் அரை நாள் தண்ணீர் குடித்த அவள் நாலும் என் பேச்சைக் கேட்டு வீடு திரும்பின.

வியாழக்கிழமை மோட்டார் ரூம் குட்டி செத்தது. பட்டியில் இன்னும் மூன்றுக்கு இருமல், கழிச்சல். டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். ஆட்டுக்கொல்லி நோய் என்றார். சங்கத்துக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை முழங்கால் வலி என்று செயலாளருக்குத் தகவல் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

அன்று மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

அந்தத் தூத்துக்குடிப் பெண்ணின் குட்டிகளுக்கு ஆட்டுக்கொல்லி. அவளே காலையில் போன் செய்து சொல்லிவிட்டு, யாரும் வருவதற்கு முன்னால் தன் கையாலேயே வேப்பந்தழை கட்டிக்கொண்டாளாம். ஆனால் வேறு எந்தப் பட்டியிலும் நோய் இல்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது?

"சந்தைல குட்டி வாங்கி உட்டிருக்குங்க, அதைய மறைக்குது. கேட்டா இல்லவே இல்லைங்குது. வெள்ளிக்கெழம கூட்டத்துல பேரை எடுத்துரலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதுங்க."

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

எடுத்துவிட்டால் அவள் எங்கே போவாள் என்பது எனக்குத் தெரியும். சந்தைக்கு, அந்தத் துண்டுக்குத்தான் போவாள். பட்டிக்குப் போய் நின்றேன். மழை விட்டிருந்தது. நோய் கண்ட குட்டிகள் தலையைத் தொங்கப் போட்டு ஒரு மூலையில் நின்றன. எண்பது ஆடு இருக்கும் இடத்தில் ஒரு சத்தம் இல்லை. யாரிடமாவது கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். பெரியவன் பெயர் வந்தது. அவனிடம் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆடு எப்படி என்பான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமைக் காலையில் செயலாளரைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பிள்ள மேல தப்பில்லீங்க. நோவு என்ற பட்டில இருந்து போனது. ஞாயித்துக்கெழமையே எனக்குத் தெரியுமுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தலைவருங்க, இது நமக்குள்ளயே இருக்கட்டுங்க. எப்படி வந்துச்சுன்னு தெரியலைன்னு எழுதிக்கறன். அந்தம்மாளையும் ஒண்ணும் செய்ய வேண்டாம். உங்களுக்குப் போயி விதியாங்க?"

யோசித்துப் பாருங்கள். அவளுக்கும் கெடுதல் இல்லை, எனக்கும் நாற்காலி போகாது. நல்ல மனுஷன் அவர், எனக்காகத்தான் சொன்னார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. மங்கலத்துக்காரர் உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனாரே, அது.

"மங்கலத்துக்காரருக்கு நாம அப்படி எழுதலீங்களே" என்றேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம். நான் காட்டை விட்டு வெளியே போகக் கூடாது. செயலாளர் போனைச் சத்தமாக வைத்து, என் நாற்காலியின்மேல் வைத்திருப்பதாகச் சொன்னார். நான் கொறங்காட்டில் ஒரு வெள்வேல மரத்தடியில் நின்று கேட்டேன். இருமல் கேட்டது, நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. விதியைப் படித்தார்கள். நான் சொன்ன வார்த்தைகள் அப்படியே இருந்தன, ஒன்றும் மாறவில்லை. சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்று செயலாளர் சொன்னார். கை தூக்கினால் சத்தம் வராது. யார் தூக்கினார்கள், எத்தனை பேர் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் என் கையைத் தூக்கினேன். அதுவரைக்கும் உறுப்பினர்தானே, எனக்கும் ஓட்டு உண்டு. மேய்ந்துகொண்டிருந்த தாயாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

"ஆயிருச்சுங்க" என்றார் செயலாளர். எத்தனை கை என்று நான் கேட்கவில்லை.

கூட்டம் முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருந்த வேப்பந்தழையை அன்று சாயங்காலம் இரண்டு பேர் வந்து படலுக்கு வெளியிலேயே நின்று கட்டினார்கள். ஒருவர் பழக்கத்தில் 'தலைவருங்க' என்று கூப்பிட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். மருந்தைக் கல்லின்மேல் வைத்திருப்பதாகச் சைகை காட்டிவிட்டுப் போனார்கள்.

விதியில் ஒரு நல்ல இடம் இருந்தது. போன் செய்வது பட்டிக்கு, ஆளுக்கு இல்லை. நான் உறுப்பினராக இல்லாவிட்டாலும் தழை இருந்த அத்தனை நாளும் சாயங்காலம் போன் வந்தது. எத்தனைங்க? நாலுங்க. சரிங்க. அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட இருக்காது. ஆனால் நான் மூன்று மணிக்கே போனைச் சார்ஜ் போட்டுக் கழற்றி, முகத்தைக் கழுவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுவேன். அந்த வாரங்களில் மனுஷக் குரல் அது ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் முறை அவளுக்கு. அவள் பட்டியிலும் தழைதான், ஆனால் முறை என்றால் முறை.

"அண்ணாச்சி, இன்னைக்கு நாந்தான். எத்தனை?"

"ரெண்டு. உன்ற குட்டிக எப்படி அம்மிணி?"

"ரெண்டு செத்துப்போச்சு. மத்த ரெண்டும் நேத்துலேர்ந்து புல்லு கடிக்கி."

அவள் போனை வைக்கவில்லை.

"நீ என்னைய நாலு வார்த்தை திட்டிரு அம்மிணி" என்றேன்.

"திட்டுனா அத எங்க எழுத? நோட்டுல எண்ணிக்கைக்கு மட்டுந்தான கட்டம் போட்டிருக்கீய."

மறுபடி அவளே பேசினாள். "அன்னைக்கு விலை குறைச்சலா இருந்தாலும் குடுத்திருப்பேன். நீங்க சொன்னீயளேன்னு ஓட்டிட்டு வந்தேன். சரி, வைக்கேன் அண்ணாச்சி."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. நோட்டில் எழுதுகிற மாதிரி சொன்னாள். தப்புக்கு ஈடாக என் பட்டியிலிருந்து இரண்டு குட்டி கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தேன். நோய்ப் பட்டியிலிருந்து யார் வாங்குவார்கள்? அதுவும் முடியாது. பிறகு, தழையெல்லாம் அவிழ்த்த பிறகு, செயலாளர் மூலமாகக் கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

கடைசி ஆடு எழுந்து நின்ற நாளிலிருந்து எண்ணி இருபத்தொன்றாம் நாள். அன்று கூப்பிட்டவர் ஒரு மாட்டுக்காரர். எத்தனைங்க என்றார். எனக்குத் தெரியும், ஒன்று என்று சொன்னால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், இன்னும் இருபத்தொரு சாயங்காலம் போன் வரும். இருந்த நோயை இல்லை என்று மறைத்தவனுக்கு, இல்லாத நோயை இருக்கிறது என்று சொல்வது பெரிய காரியமா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"சந்தோசமுங்க. தழைய அவுத்துருங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

காய்ந்து சருகாகிப்போன தழையை நானே அவிழ்த்தேன். அதன் பிறகு போன் வரவில்லை. காலை ஆறு மணி விலைச் செய்தியும் நின்றுபோயிருந்தது. பெயரை எடுத்தால் அந்தப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுவார்கள், அதுவும் நான் சொன்ன ஏற்பாடுதான். மூன்று நான்கு நாள் அந்த நேரத்துக்கு விழித்துப் போனைப் பார்த்தேன். ஒருமுறை எடுத்தவரை மறுபடி எப்படிச் சேர்ப்பது என்று விதியில் தேடச் சொல்லிச் செயலாளரைக் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லீங்களே என்றார் அவர், வருத்தத்தோடு. இல்லைதான். எல்லாவற்றையும் யோசித்த எனக்கு அது மட்டும் தோன்றவில்லை.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் ஊசி முகாம் வந்தது. டாக்டர் என் காட்டுக்கு வரமாட்டார். ஆளை வைத்து ஓட்டி அனுப்பியிருக்கலாம், வசதி இல்லாமல் இல்லை. நானே ஓட்டிக்கொண்டு போனேன். வெளியாள் வரிசை கொட்டகைக்கு வெளியே, நிழல் இல்லாத பக்கம். அங்கே நிழல் வேண்டும் என்று நான் தலைவராக இருந்தபோது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன்.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். மங்கலத்துக்காரர்.

"வாங்க தலைவருங்க. வெய்யல்ல நிக்கறீங்க. நீங்க போட்ட வரிசைதானுங்களே, பழகிக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அது தப்பும் இல்லையே, விதிதானே. அதற்குள் அவர் குனிந்து, தன் ஆடுகளை என் ஆடுகளோடு கலக்காமல் ஒரு பத்தடி முன்னால் ஓட்டிக்கொண்டார். அதன் பிறகு திரும்பவில்லை.

கொட்டகை வாசலில் மேசை போட்டு நோட்டோடு உட்கார்ந்திருந்தவள் அந்தத் தூத்துக்குடிப் பெண். நிர்வாகத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சரியான ஆள்தான், நானாக இருந்தாலும் சேர்த்திருப்பேன். உள்ளே என் நாற்காலியில் டாக்டர் உட்கார்ந்து மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். தராசு அதே இடத்தில் இருந்தது. கூண்டின் சட்டம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, ஆணி அடிக்க வேண்டும்.

என் முறை வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். இளைத்துவிட்டீர்களே என்றோ, வந்துவிட்டீர்களா என்றோ ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். நோட்டில் முதல் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கேட்டாள். எல்லோரிடமும் அதுதான் கேட்க வேண்டும்.

"உறுப்பினரா, அண்ணாச்சி?"

"இல்ல அம்மிணி" என்றேன்.

எழுதிக்கொண்டாள். எத்தனை ஆடு என்று கேட்டாள், அதையும் எழுதினாள். ஊசி போட்டு முடித்ததும் ஒரு ஆள் டப்பாவைத் தூக்கி வந்து ஒவ்வொரு முதுகிலும் ஒரு கோடு இழுத்தான். குறைவாகத் தடவினான். சாயம் அடியில் தங்கிவிடும், கலக்கிவிட்டுத் தொடு என்று சொல்லிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நல்ல மழை பெய்துவிட்டது. இப்போதும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால், கொறங்காடு முழுக்கச் சிவப்புக் கோடு போட்ட முதுகுகள் மேய்ந்துகொண்டிருக்கின்றன. கொஞ்சம்கூட மங்கவில்லை. நல்ல சாயம். நான் தேர்ந்தெடுத்தது.